மழைக் கடலைப் படம் எடுத்த மாலை

பாப்பா,

நாளை மறுநாள் காலை நீ போலீஸ் பயிற்சிக்குக் கிளம்புகிறாய். உன் அம்மா ஒரு பக்கம் பெட்டி கட்டுகிறாள், இன்னொரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நான் மாடி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரில் உட்கார வைத்துச் சொல்லத் தொடங்கினால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுத்து. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் படி. காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் முடித்துவிடலாம். உன்னோடு பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கும் காட்டத் தோன்றினால் காட்டு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் என் வலது கண்ணை எடுத்த மறுநாள் நீ ஹாஸ்டலிலிருந்து ஓடி வந்தாய். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் முகத்துக் கட்டைப் பார்த்தாய். அழவில்லை. “நான் எஸ்.ஐ. ஆகி வரேன் நைனா. ஒவ்வொருத்தனையும் ஸ்டேஷனுக்கு இட்டுகினு போய் என் கையால முறிக்கிறேன்” என்றாய். அப்போது அந்தப் பேச்சு எனக்கு ஊசி மருந்தைவிட இதமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அதற்கப்புறம் நீ படித்தாய், மைதானத்தில் ஓடினாய், கயிறு ஏறினாய், தேர்வாகிவிட்டாய். தெருவில் போகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி எனக்குக் கை கொடுக்கிறார்கள். நீ எதற்காக இந்த வேலையைத் தேடிப் போனாய் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் உன் அம்மாவுக்கும் தெரியும். நான் அடி வாங்கினேன், கண் போனது, பின்தெரு சுரேஷ் ஜெயிலுக்குப் போனான் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். நடுவில் நடந்ததை நீ முழுசாகக் கேட்டதே இல்லை. உன் படிப்பு கெடக்கூடாது என்று கோர்ட் பக்கமே உன்னை வர விடாமல் வைத்திருந்தேன். இனி நீ கேட்டாக வேண்டும்.

அந்த டெலஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததே நீதான். முட்டி தேய்ந்து நான் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். தலை நரைக்கும்வரை படவேடு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தவனுக்கு ஒரே இடத்தில் உட்காரத் தெரியவில்லை. சோற்றில் உப்பு குறைந்தாலும் கத்தினேன், மின்விசிறி சத்தம் போட்டாலும் கத்தினேன். உன் காலேஜில் யாரோ வெளிநாடு போகும்போது விட்டுச் சென்றார்கள் என்று அந்த நீளக் குழாயை நீ சென்னையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். பஸ்ஸில் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார்கள் என்று கோபப்பட்டாய். நானாக இருந்தாலும் கிழித்திருப்பேன் என்றேன். ரொம்ப நாள் கழித்து அன்றுதான் உன் அம்மா சிரித்தாள்.

முதல் தடவை அதில் நிலாவைப் பார்த்தபோது எனக்கு அது அழகாகத் தெரியவில்லை. அடி வாங்கிய முகமாகத் தெரிந்தது. தெற்குப் பக்கம் முழுக்கப் பள்ளத்துக்குள் பள்ளம், பள்ளத்தின் விளிம்பை உடைத்துக்கொண்டு இன்னொரு பள்ளம். ஒவ்வொன்றும் மலையளவு கல் வந்து மோதிய இடம் என்று நீ சொன்னாய். டைக்கோ என்கிற பள்ளத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் நிலா முழுக்க ஓடுகின்றனவே, அவை அந்த ஒரு மோதலில் சிதறிய மண் என்று சொன்னாய். வெறும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற திட்டுகளைப் பற்றிக் கேட்டேன். அவைதான் எல்லாவற்றிலும் பெரிய அடிகள் விழுந்த இடங்கள், பிறகு உள்ளேயிருந்து நெருப்புக் குழம்பு பொங்கி வந்து அந்தக் குழிகளை நிரப்பி ஆறிப்போய்ச் சமவெளியாகிவிட்டது, முன்காலத்தில் தண்ணீர் என்று நினைத்துக் கடல் என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்றாய். மழைக் கடல், மேகக் கடல், அமைதிக் கடல். மழையே பெய்யாத இடத்துக்கு மழைக் கடல் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது.

அப்புறம் நீ சென்னைக்குப் போய்விட்டாய், நான் படம் எடுக்கத் தொடங்கினேன். செல்போனைக் கண் வைக்கிற இடத்தில் மாட்டுவதற்கு ஒரு கிளிப் வாங்கினேன். சும்மா போட்டோ எடுத்தால் நிலா தண்ணீருக்குள் கிடக்கிற தட்டு மாதிரி நெளிந்து நெளிந்து வரும். காற்று அசைவதுதான் காரணம். வீடியோவாக எடுத்து, அதில் அசையாமல் விழுந்த படங்களை மட்டும் கம்ப்யூட்டரைப் பொறுக்கச் சொல்லி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பள்ளத்தின் சுவர்கூடத் தெரியும். பௌர்ணமி இதற்கு உதவாது. வெயில் நேர் மேலே இருப்பதால் நிழலே இல்லாமல் எல்லாம் சப்பையாகக் கிடக்கும். அரை நிலாதான் நல்லது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் சின்னச் சின்ன மேடுகூட நீளமாக நிழல் போடும். பகல் முழுக்கக் காய்ந்த மாடித் தரை சாயங்காலம் அனலாக மூச்சு விடுமே, அதுவும் படத்தைக் கெடுக்கும். அதனால் பொழுது சாய்கிற நேரத்தில் தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிடுவேன். உன் அம்மா தண்ணீர் வீணாகிறதென்று திட்டுவாள், திட்டிக்கொண்டே மோட்டார் போடுவாள்.

அது மாசி மாதம். வானம் கழுவி விட்டது மாதிரி இருந்தது. நம் தெருத் தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. வெயில் இருக்கும்போதே நான் குழாயை வெளியே எடுத்து வைத்தேன். குழாயின் மேல் சின்னதாக ஒரு குறிபார்க்கும் குழல் இருக்கிறதல்லவா, அது பெரிய குழாயோடு ஒத்துப்போகாவிட்டால் இருட்டிய பிறகு நிலாவைக்கூடத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சரிசெய்ய, தூரத்தில் அசையாமல் நிற்கிற ஏதாவது ஒன்று வேண்டும். நான் எப்போதும் செல்போன் டவரின் உச்சியைத்தான் பார்த்துச் சரிசெய்வேன். அந்த டவருக்கும் நம் மாடிக்கும் நடுவில் பின்தெரு வீடுகளின் கொல்லைகள் வரிசையாக இருக்கின்றன. மல்லிகா அத்தை வீட்டுக் குளியலறைக்கு அப்போது கூரை கிடையாது. குழாய் கிடைமட்டமாக அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க, நான் குனிந்து கண் வைத்துத் திருகிக்கொண்டிருந்ததை யாரோ எங்கிருந்தோ செல்போனில் எடுத்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. கண்டக்டர் மாடியிலிருந்து பொம்பளைகள் குளிப்பதைக் கேமராவில் எடுக்கிறான் என்று எழுதி அந்தத் துண்டு வீடியோவைத் தெருப் பையன்கள் குரூப்பில் போட்டுவிட்டார்கள். நான் அதற்குள் குழாயைத் தூக்கி நிலா பக்கம் திருப்பிவிட்டேன். மழைக் கடலின் ஓரத்து மலைகளில் வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. போனைக் கிளிப்பில் மாட்டி, வீடியோவை ஓடவிட்டு நகர்ந்து நின்றேன். உன் அம்மா தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைக் கொடுத்துவர வெளியே போயிருந்தாள்.

படியில் நிறையக் கால்கள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. நம் வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். சுரேஷ் முதலில் வந்தான். மல்லிகா அத்தையின் ஒரே மகன், சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன். அவன் பின்னால் வந்தவர்களையும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பாஸை நீட்டிக்கொண்டு என் பஸ்ஸில் ஏறியவர்கள். படியில் தொங்கினால் காதைப் பிடித்து உள்ளே இழுத்து விட்டிருக்கிறேன். சுரேஷ் கையில் இரும்புக் குழாய் இருந்தது. எந்த வீட்டை எடுக்கிறாய், காட்டு என்றான். நிலாவை எடுக்கிறேன் தம்பி, வந்து பார் என்று சொல்லி நான் வழிவிட்டு நின்றேன்.

“நிலாவாம்டா” என்றான் அவன், திரும்பி மற்றவர்களைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு உடைகிற சத்தம் வெளியே கேட்பதற்கு முன்னால் நமக்கு உள்ளே கேட்கும் பாப்பா, விறகு ஒடிவது மாதிரி. நான் விழவில்லை. இன்னொருவன் என்னை எட்டி உதைக்க வந்து, நான் ஊற்றியிருந்த தண்ணீரில் வழுக்கி மல்லாந்து விழுந்தான். அவன் விழுந்ததை நான் செய்த வேலை என்று நினைத்தார்களோ என்னவோ, அதற்கப்புறம் அவர்களுக்குக் கண்மண் தெரியவில்லை. கட்டையால் முட்டியில் அடித்தார்கள். ஏற்கெனவே தேய்ந்த முட்டி. நான் தரையில் கிடந்தேன். வாய்க்குள் பல் ஒன்று தனியாக உருண்டது. ஒருவன் என் தலைமயிரைப் பிடித்து முகத்தைத் தூக்கினான், சுரேஷ் இரும்புக் குழாயின் முனையால் கண்ணில் குத்தினான். வீசி அடித்திருந்தால் குறி தவறியது என்று நினைத்திருப்பேன். அவன் குத்தினான். அப்புறம் அந்தக் குழாயாலேயே டெலஸ்கோப்பை அடித்தார்கள். அடியில் இருந்த கண்ணாடி உடைந்து தண்ணீரில் பரவியது. யாரோ ஒருவன், இது நம்ம பஸ் கண்டக்டர்டா, போதும்டா என்றான். யாராக இருந்தால் என்ன என்று இன்னொருவன் சொன்னான். அதுவரை நடந்த எல்லாவற்றிலும் அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு மரண பயம் கொடுத்தது.

உன் அம்மா தெருமுனையில் வரும்போதே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் படியேறி வந்து கத்தவில்லை, யாரையும் தள்ளவில்லை. நேராக என்மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டாள். அவள் முதுகிலும் ஒரு உதை விழுந்தது. இன்றைக்கும் மழை வந்தால் அந்த இடம் வலிக்கும் அவளுக்கு. பெண்பிள்ளைமேல் கை வைத்துவிட்டோம் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு குரல் எழுந்தது, எல்லோரும் தடதடவென்று இறங்கிப் போனார்கள். பெண்களின் மானத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் அல்லவா. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உன் அம்மா ஒரு காரியம் செய்தாள். தண்ணீர்த் தொட்டியின் அடியில் என் செல்போன் கிளிப்போடு கிடந்ததைப் பார்த்து எடுத்து, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அதன் முகம் நொறுங்கியிருந்தது. ஆனால் அது அப்போதும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

வேலூரிலிருந்து வீடு திரும்பிய இரண்டாம் நாள் ஸ்டேஷனிலிருந்து வரச் சொன்னார்கள். ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம். இந்த இடத்தை நீ நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். அங்கே இருந்த எஸ்.ஐ. கெட்ட மனிதர் இல்லை. எழுந்து வந்து எனக்கு நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், என் கண்ணைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு உள்ளே இருந்து சுரேஷைக் கூட்டிவரச் சொன்னார். அவனால் நடக்க முடியவில்லை. இரண்டு பாதமும் வீங்கி, பாதத்தின் பக்கவாட்டில் நடந்து வந்தான். என் எதிரில் முட்டி போட வைத்தார்கள். ஒரு போலீஸ்காரர் என் கண் முன்னாலேயே அவன் முதுகில் லத்தியால் அடித்தார். அவன் “அம்மா” என்று கத்தினான். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்பாய். ரொம்ப நன்றாக இருந்தது. தாகத்தில் தண்ணீர் குடித்தது மாதிரி இருந்தது. எஸ்.ஐ. லத்தியை வாங்கி என் பக்கம் நீட்டினார்.

“கேஸு கோர்ட்டுன்னு போனா வருஷக்கணக்குல அலையணும் பெரியவரே. அந்தப் பேஜாரு எதுக்கு? நீங்களே ரெண்டு போடுங்க, மனசு ஆறிடும். அப்புறம் எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போயிடலாம்.”

எழுதிக் கொடுப்பதென்றால் சமாதானமாகப் போகிறோம் என்று எழுதிக் கொடுப்பது. எனக்கு அது உறைக்கவே இல்லை. கையை நீட்டினேன். உடைந்த தோள் இடம் கொடுக்காமல் கை பாதியில் நின்றுவிட்டது. தோள் நன்றாக இருந்திருந்தால் நான் அடித்திருப்பேன். எஸ்.ஐ. என்னை விட்டுவிட்டு உன் அம்மாவைப் பார்த்தார். அவள் எழுந்து போய் லத்தியை வாங்கிக்கொண்டாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அவள் அவன் எதிரில் குந்தி உட்கார்ந்து, குளியலறையைப் படம் எடுத்ததை நீ பார்த்தாயா என்று கேட்டாள். இல்லை அத்தை, குரூப்பில் போட்டிருந்தார்கள் என்று அவன் சொன்னான். அப்படி ஏதாவது நடந்ததா என்று உன் வீட்டுக்காரியைக் கேட்டாயா என்றாள். அதற்கும் இல்லை என்றான். அவள் எழுந்து லத்தியை எஸ்.ஐ. மேஜையில் வைத்தாள்.

“சார், அடிச்ச வரைக்கும் போதுங்க. கேஸ எழுதுங்க.”

எழுதியாகிவிட்டதே, சமாதானத்துக்குத்தானே பேசுகிறோம் என்று அவர் ஏதோ சொல்லிப் பார்த்தார். அவர்கள் எழுதி வைத்திருந்தது என்ன தெரியுமா, வாய்த்தகராறில் கைகலப்பு, லேசான காயம். கண் போனது அதில் இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களை எல்லாம் அவள் எடுத்து வைத்தாள். நடந்தது பதிவான போன் தன்னிடம் இருக்கிறது என்றாள், எங்கே என்று கேட்டார்கள். சரியாக எழுதி, எனக்கு ஒரு நகல் கொடுத்து, போனை வாங்கிக்கொண்டதற்கு ரசீதும் கொடுத்தால்தான் தருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஸ்டேஷனில் விளக்குப் போட்ட பிறகுதான் நாங்கள் கிளம்பினோம். திரும்பி வரும் வழியில் எனக்கு அவள்மேல்தான் கோபம். அவன் கத்தியதில் கிடைத்த சுகத்தைக் கெடுத்துவிட்டாளே என்று. ஆனால் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பார்த்தேன், அந்தச் சுகம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கண் இருந்த இடம் மட்டும் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்களில் உனக்குத் தெரியாமல் நாங்கள் பட்டது கொஞ்சமில்லை. ஜன்னலுக்குக் கல் வந்தது. வாசலில் நிறுத்தியிருந்த வண்டியின் சீட்டைக் கிழித்துப் போட்டார்கள். உன் அம்மாவிடம் ஜாக்கெட் தைக்க வந்துகொண்டிருந்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு கோர்ட் வாசல் ஏறலாமா என்று பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அவனைத்தான் ஸ்டேஷனில் அடித்துவிட்டார்களே, கணக்கு சரியாகிவிட்டதே. மல்லிகா அத்தை மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. தெருவில் எதிரில் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கோர்ட்டில் அந்த அடி எங்களுக்கு எதிராகத்தான் நின்றது. ஸ்டேஷனில் சுரேஷ் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தான். போலீசிடம் ஒத்துக்கொள்வது எதற்கும் செல்லாது என்று நீ படித்திருப்பாய், எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஜெயிலில் சேர்க்கும் முன் டாக்டர் அவன் பாதத்து வீக்கத்தை எழுதி வைத்திருந்தார். அவன் வக்கீல் அதை எடுத்துக் காட்டி, போலீஸ் முதலில் ஆளை முடிவு செய்துவிட்டு, பிறகு அடித்துக் கதை ஜோடித்திருக்கிறது, சம்பவத்தன்று இவன் ஊரிலேயே இல்லை, வெம்பாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் இருந்தான் என்றார். நான் கூண்டில் ஏறி அவன்தான் என்று சொன்னேன். பொழுது சாய்ந்த நேரம், கண்ணில் ரத்தம், எப்படி அடையாளம் தெரிந்தது என்று என்னைக் குடைந்தார். போன் வீடியோவைப் போட்டார்கள். அதில் யார் முகமும் இல்லை. நிலாதான் இருந்தது.

நான் அதை முதல் தடவையாகப் பார்த்தது கோர்ட்டில்தான். மழைக் கடல் பாதி வெளிச்சத்தில் மெதுவாகத் திரையில் நகர்ந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் காற்று அவ்வளவு அசையாமல் இருந்திருக்கிறது. நான் எடுத்ததிலேயே நல்ல வீடியோ. குழம்பில் முங்கி விளிம்பு மட்டும் வெளியே நிற்கிற ஒரு பழைய பள்ளம்கூடத் தெரிந்தது. பின்னால் தறிச் சத்தம். அப்புறம் படியில் கால் சத்தம், பேச்சு, சிரிப்பு, அடி. நிலா அப்படியே நகர்ந்துகொண்டிருக்கிறது, நான் கத்துகிறேன். பிறகு படம் ஒரு குலுக்குக் குலுக்கிக் கறுப்பாகிவிட்டது, சத்தம் மட்டும் ஓடியது. அவர்கள் கோபத்தில் வந்தார்கள் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன் பாப்பா. அதைக் கேட்டால் கோபம் கொஞ்சம்தான் இருக்கிறது. மிச்சம் எல்லாம் குஷி. என்னைக் குத்திய பிறகு ஒருவன் சிரிக்கிறான், மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்திருக்கிறவன் சிரிப்பது மாதிரி. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இதை வைத்துக்கொண்டு யார் குரல் என்று சொல்ல முடியாது என்று அவர்கள் வக்கீல் வாதாடினார்.

கடைசியாக அவர்கள் பக்கத்துச் சாட்சியாக மல்லிகா அத்தை வந்தார். மகன் வெம்பாக்கத்தில் இருந்தான், கூடவே நானும் இருந்தேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அரசு வக்கீல் இளம் வயசுப் பெண். அவர் அத்தையை மிரட்டவில்லை, பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவும் இல்லை. ஒரு வீடியோ போடுகிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார். அத்தை அதுவரை அந்த வீடியோவைக் கேட்டதில்லை. உள்ளே வரக்கூடாது என்று சாட்சிகளை வெளியே உட்கார வைத்திருந்தார்கள் அல்லவா. நிலா திரையில் வந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் வரத் தொடங்கியதும் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு வந்தபோது அவர் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. இது யார் என்று தெரிகிறதா அம்மா என்று வக்கீல் கேட்டார். அத்தை பேசவில்லை. சுரேஷின் வக்கீல் எழுந்து ஏதோ சொல்ல வந்தார், நீதிபதி கையைக் காட்டி உட்கார வைத்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. வெளியே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. அவ்வளவு நேரம் காத்திருந்தார்கள்.

“என் புள்ளதாங்க” என்றார் அத்தை. “சின்னதுலேந்து இப்பிடித்தான் மூச்ச இழுத்துகினு சிரிப்பான்.”

நீதிபதி மறுபடியும் கேட்டார். வெம்பாக்கத்தில் இருந்ததாகச் சொன்னீர்களே என்றார். அத்தை சுரேஷைப் பார்த்தார். நீ சிரிச்சியாடா என்று கேட்டார். அவன் முகத்தை மூடிக்கொண்டான். ஸ்டேஷனில் பாதம் வீங்க அடித்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை. அவனுக்கும் கூட வந்த இருவருக்கும் தண்டனை கிடைத்தது. மற்றவர்களை விட்டுவிட்டார்கள். தீர்ப்பு அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று எல்லோரும் கேட்டார்கள். சரியாக இருந்தது, அவ்வளவுதான். அன்று இரவு நான் தூங்கினேன்.

லத்தி அவனை ஒத்துக்கொள்ள வைத்தது, அது எழுதிய காகிதத்தின் விலைக்குக்கூட ஆகவில்லை. ஒரு பெண் நிதானமாகக் கேட்ட ஒரே கேள்வியும் பதில் வரும்வரை ஒருவரும் குறுக்கிடாததும் இந்த வழக்கை நிலைக்க வைத்தன. நாளைக்கு உன் மேஜைக்கு முன்னால் என்னை மாதிரி ஒருவன் கட்டோடு வந்து உட்காருவான். அவன் எதிரில் குற்றவாளியை நிறுத்தி அடித்தால் அவன் உன்னைத் தெய்வமாகக் கும்பிடுவான். நானே கும்பிடத்தான் போனேன். அதைச் செய்யாதே, கட்டோடு வந்தவனைப் பேச வைத்து, எலும்பு உடைந்ததை எலும்பு உடைந்தது என்றே எழுது. உனக்கு நேரமே இருக்காது, மேலே இருப்பவர்கள் துரத்துவார்கள், மூன்று நாள் தூங்காமல் நிற்கும்போது கை தானாக லத்திக்குப் போகும். அப்போது உன் அம்மா அந்த ஸ்டேஷனில் குந்தி உட்கார்ந்து கேட்டதை நினைத்துக்கொள். என் கண்ணுக்காக நீ யாரையும் முறிக்க வேண்டாம். சுரேஷ் வெளியே வந்த பிறகும் வேண்டாம். அந்த வழக்கு விஷயமாக நீ யாருக்கும் ஒரு போன்கூடப் பண்ணக்கூடாது.

குழாய்க்குப் புதுக் கண்ணாடி போட்டு, வேறு போனில் நான் மறுபடியும் படம் எடுக்கிறேன். போன் திரையைப் பார்த்தால் போதும் என்பதால் ஒரு கண்ணே தாராளம். நேற்று மேகக் கடலை எடுத்தேன். படியில் யாராவது ஏறி வந்தால் இன்றைக்கும் உடம்பு சுருண்டுகொள்கிறது. அதனால் உன் அம்மா படிக்கட்டைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட்டுக்குக் காஜா எடுக்கிறாள். சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இப்படியே இருந்தாலும் எடுப்பேன்.

ஒரே ஒரு வேலை உனக்கு வைக்கிறேன். முதல் லீவில் நீ யூனிஃபார்மில் நம் தெருவுக்குள் வருவாய். தெருவே வேடிக்கை பார்க்கும். பின்தெரு முனையில் மல்லிகா அத்தை குழாயடியில் நின்றுகொண்டிருப்பார், மருமகளும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டதால் தண்ணீர் அவர்தான் பிடிக்க வேண்டும். உன்னைப் பார்த்ததும் குடத்தை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நீ தாண்டி வந்துவிடாதே. கிட்டப் போய், நல்லாருக்கீங்களா அத்தை என்று கேள். உடனே பதில் வராது. நின்றுகொண்டிரு. குடம் நிரம்பி வழிந்தாலும், வீட்டில் உன் அம்மா போட்டு வைத்த சோறு ஆறிப்போனாலும் பரவாயில்லை. அவர் திரும்பி உன் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்லும்வரை நின்றுவிட்டு, அப்புறம் வீட்டுக்கு வா.

உன் நைனா